செங்கண்ணும் கருவிழிப் புண்ணும்

அரிசிக் கடை வைத்திருப்பவன் கண் நோயைப் பற்றிக் கட்டுரை எழுதலாமா என்று அன்பர்கள் கேட்கக் கூடும். கேள்வி நியாயமானதே. நான் மருத்துவன் அல்லன். வந்தவாசிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து 1981இல் தனுவச்சபுரத்துக்கு வந்து, தாய்மாமன் கடையில் தராசு பிடித்துத் தொழில் கற்றவன். பள்ளிப் படிப்பு பத்தாவதோடு சரி. மற்றதெல்லாம் கடை சாத்திய பிறகு ராத்திரியில் படித்தது. அப்படிப் படித்தவற்றுள் கண் நோயைப் பற்றிப் படித்தது மட்டும் ஆர்வத்தால் அல்ல, ஒரு குற்ற உணர்ச்சியால். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

1996ஆம் ஆண்டு, ஓணத்துக்கு முந்தின வாரம். களியக்காவிளை வழியாக வந்த லாரியிலிருந்து மூட்டை இறக்கிக் கொண்டிருந்தார்கள். சுமட்டுத் தொழிலாளி ஒருவர், பாறசாலைப் பக்கத்துத் தமிழர், முப்பத்தைந்து வயதிருக்கும், கண்ணைக் கசக்கிக் கொண்டு வந்தார். "மொதலாளி, கண்ணுல உமி விழுந்துட்டு. உறுத்துது" என்றார். ஓண வியாபாரம், கடை நிறைய ஆள். நான் மேசை டிராயரைத் திறந்தேன். என் மனைவிக்குக் கண் அரிப்புக்காக எப்போதோ டாக்டர் எழுதிக் கொடுத்த சொட்டு மருந்து பாதிப் புட்டி கிடந்தது. "இதை ரெண்டு நாளைக்கு ஊத்து தம்பி, ஒண்ணும் ஆகாது" என்று கொடுத்துவிட்டேன். மறுநாள் கண்ட போது, "சிவப்பு கொறஞ்சிட்டு மொதலாளி" என்று சிரித்தார். எனக்கும் பெருமைதான். ஐந்தாம் நாள் அவர் வேலைக்கு வரவில்லை. கருவிழியில் வெள்ளையாக ஒரு புள்ளி, உள்ளே சீழ், தலை பிளக்கிற வலி. ஆஸ்பத்திரியில் இருபது நாளுக்கு மேல் கிடந்தார். கண் தப்பியது, பார்வை தப்பவில்லை. அந்தக் கண்ணில் பூ விழுந்துவிட்டது.

அன்று அங்கிருந்த கண் மருத்துவர் புட்டியை வாங்கிப் பார்த்துவிட்டு, "இது ஸ்டீராய்டு. சிவப்பை அடக்கும், கிருமியை வளர்க்கும். யார் கொடுத்தது?" என்று கேட்டார். நான் தலையைக் குனிந்து கொண்டேன். இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கு நான் தாமதமாகச் சொல்லும் பதில்.

கண்ணுக்கு இயற்கை வைத்த காவல்

கண் எந்நேரமும் காற்றுக்கும் தூசிக்கும் திறந்திருக்கும் உறுப்பு. இமையோரங்களிலும் மூக்கிலும் தோலிலும் பாக்டீரியாக்கள் எப்போதும் குடியிருக்கின்றன. ஆனாலும் நமக்குத் தினமும் கண் நோய் வருவதில்லை. காரணம் மூன்று காவல்கள்.

முதற் காவல் இமை. நிமிடத்துக்குப் பல தடவை இமைத்து, விழுந்த தூசியைத் துடைத்துத் தள்ளுகிறது. இரண்டாவது கண்ணீர். கண்ணீர் வெறும் உப்புத் தண்ணீர் அல்ல. பாக்டீரியாவின் மேலுறையைக் கரைக்கும் லைசோசைம் என்னும் பொருள் அதில் உண்டு. பின்னாளில் பெனிசிலினைக் கண்ட அலெக்சாண்டர் ஃபிளெமிங் 1922இல் உலகுக்கு அறிவித்த பொருள் இது. இந்த ஆராய்ச்சிக்குக் கண்ணீர் போதாமல், கூட வேலை செய்தவர்களின் கண்ணில் எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்து அழ வைத்துக் கண்ணீர் சேர்த்தார் என்பது மருத்துவ வரலாற்றில் சுவையான செய்தி.

மூன்றாவது காவல், கருவிழியின் மேலே கண்ணாடி போல் மூடியிருக்கும் கருவிழிப் படலம். இதைக் கார்னியா என்பர். நடுவில் அதன் கனம் அரை மில்லிமீட்டர் அளவுதான். அதன் மேல்தோல் கிழியாமல் இருக்கும் வரை, ஒரு சில வகைகளைத் தவிர மற்ற பாக்டீரியாக்கள் உள்ளே நுழைய முடியாது. கிழிந்தால் வாசல் திறந்தது என்று பொருள். ஒளி தடையின்றிப் போக வேண்டும் என்பதற்காக இந்தப் படலத்தில் இரத்தக் குழாயே இல்லை. காலில் முள் குத்தினால் இரத்தம் கிருமியோடு போராடும் வீரர்களை உடனே கொண்டு வந்து சேர்க்கும். கருவிழியில் அந்தப் படை வந்து சேரத் தாமதமாகும். வந்து போராடினாலும், போர் நடந்த இடத்தில் தழும்பு விழும். கையில் தழும்பு விழுந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. கருவிழி நடுவில் விழுந்தால் பார்வை போயிற்று. நம் பாட்டிமார் "கண்ணுல பூ விழுந்துடுச்சு" என்றது பெரும்பாலும் இந்தத் தழும்பைத்தான்.

ஒரு பெயர், பல நோய்

நம் பகுதியில் கண் சிவந்தால் "செங்கண்ணு" என்று ஒரே பெயர். கிழக்கே போனால் "மெட்ராஸ் ஐ" என்பார்கள். சென்னை எழும்பூரில் உள்ள அரசு கண் மருத்துவமனை 1819இல் தொடங்கப்பட்டது, உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளுள் ஒன்று. 1918இல் சென்னையில் அறியப்பட்டதால் இந்தப் பெயர் வந்தது என்பர். ஊருக்கு ஊர் பெயர் எதுவானாலும், சிவந்த கண் என்பது ஒரே நோய் அல்ல என்பதை நாம் மனத்தில் கொள்ள வேண்டும்.

கூட்டங் கூட்டமாக, வீட்டுக்கு வீடு பரவும் செங்கண்ணு பெரும்பாலும் வைரஸால் வருவது. கண்ணிலிருந்து தண்ணீராக வடியும், மண் விழுந்தது போல் உறுத்தும், சிலருக்குக் காதின் முன்புறம் நெறி கட்டும். இதற்குப் பாக்டீரியா மருந்து வேலை செய்யாது. ஓரிரு வாரத்தில் தானே அடங்கும். துண்டு, தலையணை, கைக்குட்டை தனியாக வைத்துக் கொள்வதும் கை கழுவுவதுமே முக்கிய மருந்து. நோயாளியின் கண்ணைப் பார்த்தாலே தொற்றிக் கொள்ளும் என்பது வெறும் நம்பிக்கை. கையாலும் துணியாலும்தான் தொற்றுகிறது.

பாக்டீரியாவால் வரும் செங்கண்ணில் பீளை மஞ்சளாக, பசை போல வரும். காலையில் எழுந்தால் இமை ஒட்டிக் கொண்டிருக்கும். குழந்தைகளிடம் அதிகம். இமையையும் வெள்ளை விழியையும் மூடியிருக்கும் மெல்லிய சவ்வு வீங்குவதே இது. பீளையைத் துடைத்துவிட்டால் பார்வை தெளிவாகவே இருக்கும், கடும் வலி இராது. நுண்ணுயிர்க் கொல்லிச் சொட்டு மருந்தை மருத்துவர் சொன்ன நாட்கள் போட்டால் விரைவில் குணமாகும்.

அரிப்பே பெரிதாக இருந்து, இரு கண்ணும் சேர்ந்து சிவந்து, வருடா வருடம் வந்தால் அது ஒவ்வாமையாக இருக்கலாம். என் மனைவிக்கு இருந்தது அதுதான். அவளுக்கு மருந்தானது இன்னொருவருக்கு விஷமானது இப்படித்தான்.

இவற்றோடு கண்கட்டி என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இமை மயிர்க் காலில் பாக்டீரியா புகுந்து உண்டாகும் சிறு கட்டி. சுத்தமான துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, பொறுக்கும் சூட்டில் ஒற்றடம் கொடுத்தால் பெரும்பாலும் உடைந்து ஆறும். அதை நகத்தால் பிதுக்கக் கூடாது.

இனி வருவதுதான் நாம் அஞ்ச வேண்டியது.

கருவிழிப் புண்

கருவிழிப் படலத்தில் கீறல் விழுந்து, அதன் வழியே கிருமி புகுந்து அரிப்பது கருவிழிப் புண். இதன் அடையாளங்கள் நான்கு: வலி, வெளிச்சத்தைப் பார்க்கக் கூசுதல், பார்வை மங்குதல், கருவிழியில் வெள்ளைப் புள்ளி. இந்த நான்கில் ஒன்று இருந்தாலும் அதைச் செங்கண்ணு என்று நினைத்து வீட்டில் இருக்கக் கூடாது. அன்றைக்கே கண் மருத்துவரிடம் போக வேண்டும்.

நம் தென்னாட்டில் இது எவ்வளவு பெரிய நோய் என்பதை மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் ஆய்வுகளால் அறிகிறோம். டாக்டர் கோ. வெங்கடசாமி பணி ஓய்வுக்குப் பின் 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய மருத்துவமனை அது. மதுரை மாவட்டத்தில் 1993இல் எடுத்த கணக்கின்படி, ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் 113 பேருக்குக் கருவிழிப் புண் வந்தது. அமெரிக்காவில் இருப்பதைப் போல் பத்து மடங்கு.

1994ஆம் ஆண்டு சனவரி முதல் மார்ச்சு வரை மூன்றே மாதத்தில் அங்கு கருவிழிப் புண்ணோடு வந்தவர்கள் 434 பேர். அவர்களுள் நூற்றுக்கு 65 பேருக்கு முதலில் கண்ணில் ஏதோ அடிபட்டிருந்தது. கதிர்த் தாள், குச்சி, மண், மாட்டு வால் என்று நாட்டுப்புறத்தில் தினமும் நடக்கும் சின்ன அடிகள்தாம். சுரண்டி எடுத்து வளர்த்துப் பார்த்ததில் கிருமி கண்டுபிடிக்கப்பட்டவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குப் பாக்டீரியா, பாதிப் பேருக்குப் பூஞ்சைக் காளான். பாக்டீரியாக்களில் முதலிடம் நியூமோகாக்கஸ் என்பதற்கு, அடுத்தது சூடோமோனாஸ்.

இந்த இரண்டின் குணத்தையும் அறிவது நல்லது. நியூமோகாக்கஸ் நம் மூக்கிலும் தொண்டையிலும் இருப்பது. கண்ணிலிருந்து மூக்குக்குப் போகும் கண்ணீர்க் குழாய் அடைத்துக் கொண்டால், அங்குள்ள பையில் கிருமி தங்கிச் சீழ் பிடிக்கும். அப்படிப்பட்டவர் கண்ணில் சிறு கீறல் விழுந்தாலும் போதும். எப்போதும் கண்ணீர் வழிந்து கொண்டேயிருக்கிற வயதானவர்களை இதற்காகவே ஒரு முறை காட்ட வேண்டும். நாக்கால் கண் தூசி எடுக்கும் வழக்கம் எவ்வளவு கேடானது என்பதும் இதனால் விளங்கும். வாயில் உள்ள கிருமியைக் கொண்டு போய்க் கீறலில் வைப்பதற்கு அது சமம்.

சூடோமோனாஸ் தண்ணீரிலும் ஈரத்திலும் வாழ்வது. மிக வேகமானது. ஓரிரு நாளிலேயே கருவிழியைக் கரைத்து ஓட்டையாக்கும் சக்தி அதற்கு உண்டு. காண்டாக்ட் லென்ஸ் அணிகிறவர்களுக்கு முதல் எதிரி இதுவே. லென்ஸைக் குழாய்த் தண்ணீரில் கழுவுவதும், போட்டபடியே தூங்குவதும், குளத்தில் குளிப்பதும் அதற்கு விருந்து வைப்பது போல. நம் கல்லூரிப் பெண்கள் கல்யாண வீட்டுக்கு லென்ஸ் போடுகிற காலம் இது, ஆகையால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

பதினெட்டு மணி நேரம்

கீறல் விழுந்தவுடன் கண் போய்விடுவதில்லை. நடுவில் ஒரு அவகாசம் இருக்கிறது. அது எவ்வளவு என்பதற்கு நேபாளத்தில் பக்தபூர் என்னும் ஊரில் நடந்த ஆய்வு விடை சொல்கிறது. 2001இல் வெளியான ஆய்வு. கருவிழியில் கீறல் விழுந்த 442 பேருக்கு, பயிற்சி பெற்ற கிராமத் தொண்டர்கள் குளோராம்ஃபெனிகால் களிம்பை ஒரு நாளைக்கு மூன்று வேளை, மூன்று நாள் போட்டார்கள். நூற்றுக்கு 96 பேருக்குப் புண் வைக்காமல் ஆறிற்று. அடிபட்ட பதினெட்டு மணி நேரத்துக்குள் வந்தவர்களில் ஒருவருக்குக் கூடப் புண் வரவில்லை. பதினெட்டிலிருந்து இருபத்துநாலு மணிக்குள் வந்த 109 பேரில் 4 பேருக்கு வந்தது. ஒரு நாள் கழித்து, இரண்டு நாளுக்குள் வந்த 49 பேரில் 14 பேருக்கு வந்தது.

இந்தக் கணக்கைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. வியாபாரிக்குக் கணக்கு புரியும். அந்தத் தொழிலாளி என்னிடம் வந்தது உமி விழுந்த கால் மணி நேரத்தில். நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்கு அரை மணி நேரப் பஸ் பயணம். கடையில் கூட்டம் என்று நான் மிச்சம் பிடித்த நேரம் அவருக்கு ஒரு கண்ணின் விலை ஆயிற்று.

மதுரைப் பக்கத்துக் கிராமங்களிலும் இதே முறையைச் செய்து பார்த்தார்கள். கீறல் விழுந்த 374 பேரைச் சேர்த்து, மூன்று நாள் களிம்பு கொடுத்த அந்த ஆய்வு 2006இல் வெளியாயிற்று. மருந்தை முடித்தவர்களில் ஏறக்குறைய எல்லோருடைய கண்களும் புண் வைக்காமல் ஆறின. பின்னர் நேபாளத்தில் பல ஊர்களைச் சேர்த்து நடந்த பெரிய ஆய்வில், ஊர் மொத்தத்தில் புண் நோய் குறைந்ததாகக் காட்ட முடியவில்லை என்று 2022இல் எழுதினார்கள். இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். களிம்பு ஒரு மந்திரத் தாயத்து அல்ல. உண்மையான பாடம், அடிபட்டவர் தானே முன்வந்து, சீக்கிரம், தெரிந்தவரிடம் காட்ட வேண்டும் என்பதே.

மருத்துவம் எப்படி நடக்கிறது

கண் மருத்துவர் முதலில் ஒரு மஞ்சள் சாயத்தைக் கண்ணில் விட்டு நீல விளக்கில் பார்ப்பார். கீறல் இருந்தால் அந்த இடம் பச்சையாக ஒளிரும். புண் இருந்தால் உணர்ச்சி மரக்கச் செய்து, அதன் ஓரத்தைச் சிறிது சுரண்டி எடுப்பார். பயப்பட வேண்டியதில்லை. அதில் ஒரு பகுதியைச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தால் பாக்டீரியாவா பூஞ்சையா என்பது அன்றைக்கே ஓரளவு தெரியும். மற்றதை வளர்த்துப் பார்க்க ஒன்றிரண்டு நாளாகும், பூஞ்சைக்கு இன்னும் கூடும்.

பாக்டீரியாப் புண்ணுக்கு மாக்சிஃப்ளாக்சசின், சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற சொட்டு மருந்துகளோ, புண் பெரிதானால் செஃபசோலின், டோப்ராமைசின் முதலியவற்றை வீரியம் கூட்டியோ கொடுப்பார்கள். பூஞ்சைக்கு நாட்டாமைசின் என்னும் வேறு மருந்து. ஒன்றுக்குரியது இன்னொன்றுக்கு உதவாது. ஆகவே மருந்துக் கடையில் "கண் மருந்து ஒண்ணு கொடுங்க" என்று கேட்பது இருட்டில் கல்லெறிவதுதான்.

முதல் இரண்டு நாள் மணிக்கு ஒரு தரம், இரவிலும் எழுப்பி மருந்து விட வேண்டியிருக்கும். மாத்திரை விழுங்குவதை விட இதுவே முக்கியம். இரத்தக் குழாய் இல்லாத கருவிழிக்கு மேலிருந்துதான் மருந்து போய்ச் சேர வேண்டும். வீட்டார் முறை போட்டுக் கொண்டு விழித்திருக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு சொட்டு போதும், இரண்டாவது சொட்டு கன்னத்தில்தான் வழியும். இரண்டு மருந்து இருந்தால் நடுவில் ஐந்து நிமிடம் விட வேண்டும். புட்டியின் மூக்கு இமையைத் தொடக் கூடாது. கண்ணைத் துணியால் கட்டி மூடவும் கூடாது. கட்டினால் சூடும் ஈரமும் சேர்ந்து கிருமிக்கு வசதியாகும். சிவப்புக் குறைந்தது என்று நடுவில் நிறுத்தவும் கூடாது.

சோன், லோன் என்று முடியும் மருந்துகள்

இனி என் தவறுக்கு வருகிறேன். ஸ்டீராய்டு என்பது கெட்ட மருந்தல்ல. ஒவ்வாமைக்கும், அறுவைக்குப் பிறகும், உள் அழற்சிக்கும் கண் மருத்துவர் அதைத் தக்க அளவில் பயன்படுத்துகிறார். அது வீக்கத்தையும் சிவப்பையும் வலியையும் விரைவில் தணிக்கும். ஆனால் அந்தச் சிவப்பே உடல் கிருமியோடு போராடும் அடையாளம். காவல்காரனைத் தூங்க வைத்தால் வீடு அமைதியாகத்தான் இருக்கும், திருடனுக்கும் அதுதான் வேண்டும்.

பாக்டீரியாப் புண்ணுக்குச் சரியான மருந்தோடு ஸ்டீராய்டும் சேர்த்தால் நன்மை உண்டா என்று அரவிந்த் மருத்துவமனைகளில் பெரும்பாலும் நடந்த ஆய்வு ஒன்று, 500 நோயாளிகளைச் சேர்த்து, 2012இல் முடிவு வெளியிட்டது. கிருமி இன்னதென்று உறுதி செய்து, இரண்டு நாள் நுண்ணுயிர்க் கொல்லி கொடுத்த பிறகே ஸ்டீராய்டு விட்டார்கள். அப்படியும் மொத்தத்தில் பார்வை கூடியதாகக் காண முடியவில்லை. நிபுணர் கண்காணிப்பிலேயே கதை இப்படி என்றால், அரிசிக் கடை டிராயரிலிருந்து எடுத்துக் கொடுத்தால் என்ன ஆகும்?

வீட்டில் உள்ள புட்டிகளின் பெயரை இன்றே படித்துப் பாருங்கள். டெக்ஸாமெத்தசோன், பெட்டாமெத்தசோன், பிரெட்னிசோலோன் என்று "சோன்", "லோன்" என முடிபவை பெரும்பாலும் ஸ்டீராய்டு. குளோராம்ஃபெனிகாலோடு டெக்ஸாமெத்தசோன் கலந்து ஒரே புட்டியில் வருவதும் உண்டு, ஆகையால் முழுப் பெயரையும் படிக்க வேண்டும். மருத்துவர் எழுதாமல் இவற்றைத் தொடக் கூடாது.

புட்டியும் ஒரு வாசல்

திறந்த சொட்டு மருந்துப் புட்டியை ஒரு மாதத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்பது பொது விதி. சில மருந்துகளுக்கு அதற்கும் குறைவு. ஏன் என்பதற்கு அண்மையில் உலகமே பார்த்த சான்று ஒன்று உண்டு. 2022-23இல் அமெரிக்காவில் பல மாநிலங்களில், எந்த மருந்துக்கும் எளிதில் மசியாத சூடோமோனாஸ் தொற்று பரவியது. விசாரித்ததில், சென்னை அருகே செய்து ஏற்றுமதியான செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு மருந்தோடு அந்நாட்டு அதிகாரிகள் அதைத் தொடர்புபடுத்தினார்கள். 2023 மே வரை 18 மாநிலங்களில் 81 பேர் பாதிக்கப்பட்டனர். 14 பேருக்குப் பார்வை போயிற்று, 4 பேருக்குக் கண்ணையே எடுக்க வேண்டியதாயிற்று, 4 பேர் இறந்தனர். தொழிற்சாலையில் வரக் கூடியது, வாரக் கணக்கில் திறந்து கிடக்கும் நம் வீட்டுப் புட்டியில் வராதா?

நாட்டு வைத்தியத்தைக் குறை சொல்வது என் நோக்கமல்ல. தஞ்சை சரபோஜி மன்னர் காலத்துக் கண் நோயாளிகளின் குறிப்புகள் ஓவியங்களோடு சரசுவதி மகால் நூலகத்தில் இன்றும் உள்ளன. கண் மருத்துவத்தில் நம் முன்னோர் காட்டிய அக்கறை அத்தகையது. ஆனால் அடிபட்ட கண்ணில் தாய்ப்பால் பீச்சுவது, நந்தியாவட்டைச் சாறு பிழிவது, தேன் விடுவது எல்லாம் வேறு. எங்கள் வீட்டில் சமய வழக்கப்படி தேன் வைப்பதில்லை. அதனால் பக்கத்து வீட்டுத் தேனைக் கொண்டு வந்து கொடுத்தவர்களும் உண்டு! எந்தப் பொருளின் குணமும் எப்படியோ இருக்கட்டும். கிருமி நீக்காத எதுவும் கீறிய கருவிழியில் படக் கூடாது.

வென்ற கதைகளும் உண்டு

பாக்டீரியாக் கண் நோயை மனிதன் வென்ற வரலாறு நமக்குத் தெம்பு தரும். பிறந்த குழந்தைக்குத் தாயிடமிருந்து கொனோரியாக் கிருமி தொற்றி, சில நாளில் இரு கண்ணும் போவது ஒரு காலத்தில் ஐரோப்பாவில் சாதாரணம். ஜெர்மனியில் லைப்சிக் நகரத்து மருத்துவர் கிரெடே 1880இல் பிறந்தவுடன் வெள்ளி நைட்ரேட் ஒரு சொட்டு விட்டு, நூற்றுக்குப் பத்து என்றிருந்த நோயை ஒன்றுக்கும் கீழே கொண்டு வந்தார். பெனிசிலினால் குணமானதாகப் பதிவாகியுள்ள முதல் நோயும் இதுவே. 1930இல் இங்கிலாந்தில் ஷெஃபீல்டு நகரில் பெயின் என்னும் மருத்துவர் ஒரு சிசுவின் கண்ணுக்குப் போட்டுக் குணப்படுத்தினார். இன்றும் பிறந்த குழந்தையின் கண்ணில் முதல் மாதத்தில் சீழ் வந்தால் அது அவசரம். "பொறந்த குழந்தைக்குப் பீளை தள்ளத்தான் செய்யும்" என்று விட்டுவிடக் கூடாது.

டிரக்கோமா என்பது கிளமிடியா என்னும் பாக்டீரியாவால் வருவது. வட இந்தியாவில் லட்சக் கணக்கானோரைக் குருடாக்கியது. முகம் கழுவுதல், சுகாதாரம், மருந்து, அறுவை நான்கையும் சேர்த்துப் போராடியதில், பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து இந்தியா அதை ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2024 அக்டோபரில் சான்று அளித்தது. கண்புரை அறுவைக்குப் பின் கண்ணுக்குள் சீழ் வைப்பதும் இன்று மிக அரிதாகிவிட்டது. ஆனாலும் அறுவை முடிந்த நாட்களில் வலியும் மங்கலும் கூடினால், மறு தேதி வரும் வரை காத்திராமல் உடனே போக வேண்டும்.

எல்லைக்கு இப்பால் இருக்கும் நமக்கு

1956 நவம்பர் 1ஆம் நாள் அகத்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுக்காக்களும் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. நம் நெய்யாற்றின்கரை தாலுக்கா கேரளத்தில் நின்றது. அதனால் நமக்கு வாய்த்த ஒரு சங்கடம், வீட்டு மொழி ஒன்று, ஆஸ்பத்திரி மொழி ஒன்று. இங்கேயே பிறந்தவர்களுக்கு இது பெரிதல்ல. கல்யாணமாகி வருகிற பெண்களுக்கும், பிள்ளைகளோடு வந்து தங்கும் பெரியவர்களுக்கும் இது பெரிது. வந்தவாசியிலிருந்து வந்திருந்த என் உறவுக்காரப் பாட்டி ஒருவருக்குக் கண் புண்ணுக்கு மருந்து கொடுத்து, "ஓரோ மணிக்கூர் இடவிட்டு" என்று நர்ஸ் சொன்னார். அதாவது மணிக்கு ஒரு தரம். பாட்டி அதை "ஒரு மணிக்கு" என்று புரிந்து கொண்டு, மத்தியானம் ஒரு மணிக்கு ஒரே ஒரு சொட்டு விட்டுக் கொண்டிருந்தார்! இரண்டாம் நாள் என் மருமகள் கண்டுபிடித்ததால் கண் தப்பியது. ஆகவே பெரியவர்களைத் தனியே அனுப்பாதீர்கள். மருந்து வேளையைத் தமிழில் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.

வசதிக்குக் குறைவில்லை. பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும் அரசு மருத்துவமனைகள், திருவனந்தபுரத்தில் அரசின் வட்டாரக் கண் மருத்துவ நிலையம், எல்லை தாண்டினால் ஆசாரிப்பள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, திருநெல்வேலியில் அரவிந்த் மருத்துவமனை. நமக்குக் குறைவது நேரத்தின் அருமை பற்றிய அறிவுதான்.

நிறைவாக

கண்ணில் எது விழுந்தாலும் கசக்காதீர்கள். சுத்தமான தண்ணீரால் கழுவுங்கள். ஒட்டிக் கொண்டதை ஊசியாலும் துணி நுனியாலும் நாக்காலும் எடுக்காதீர்கள். உறுத்தல் நிற்காவிட்டால் அன்றே கண் மருத்துவரிடம் போங்கள். ஒருவர் மருந்தை மற்றவருக்குக் கொடுக்காதீர்கள். நெல், உமி, தேங்காய் மட்டை, ரப்பர், செங்கல், வெல்டிங் என்று வேலை செய்பவர்களுக்கு முதலாளிமார் ஒரு கண்ணாடி வாங்கிக் கொடுங்கள். ஒரு மூட்டை அரிசியின் விலையில் சிறு பங்குதான் ஆகும்.

அந்தத் தொழிலாளி இன்றும் மாதம் ஒரு முறை அரிசி வாங்கக் கடைக்கு வருகிறார். நான் பேச்செடுத்தால் "எல்லாம் விதி மொதலாளி" என்பார். அவர் பெருந்தன்மை அது. நான் அதை விதி என்று ஒப்புக் கொள்ளவில்லை. என் டிராயரில் இப்போது கண் மருந்து கிடையாது. கண்ணில் தூசி விழுந்தது என்று கடையில் யார் சொன்னாலும், எவ்வளவு கூட்டமானாலும், பையன் ஒருவனைத் துணைக்குச் சேர்த்து ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டுத்தான் அடுத்த மூட்டையை நிறுக்கிறேன். நம் சங்கத்துக் குடும்பங்களும், குறிப்பாகக் கடை வைத்திருக்கும் அன்பர்களும், இதை ஒரு வழக்கமாகக் கொள்ள வேண்டும் என்று கேட்டுக் கொண்டு அமைகிறேன்.